விளையாட்டரங்கம் கேட்கும் கோப்பு ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: தென்மாவட்டத்தில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையில் பணியாற்றுகிறேன். வளாகத்தில் படிப்பவர்கள் 3,800 பேர். பாதிக்கு மேல் மாணவிகள். எங்களிடம் இருப்பது ஒரு திடலும், பத்துப் பன்னிரண்டு உடற்பயிற்சிக் கருவிகள் கிடக்கும் ஒரு தகரக் கொட்டகையும்தான். உள்விளையாட்டரங்கமும் நலவாழ்வு மையமும் சேர்ந்த புதுக் கட்டடம் கேட்டு இரண்டு வருடத்துக்கு முன் குறிப்பு வைத்தேன். ‘போதிய காரணம் காட்டப்படவில்லை’ என்று நிதிக்குழு திருப்பிவிட்டது. இப்போது புதுப் பதிவாளர் மூன்று வாரத்துக்குள் மறுபடி வைக்கச் சொல்கிறார். ஒன்றரை லட்சம் கொடுத்தால் திட்ட அறிக்கையும் போட்டு, மத்திய நிதியும் வாங்கித் தருவதாக ஓர் ஆலோசனை நிறுவனத்தார் வந்து பேசினார்கள். கொடுக்கலாமா? குறிப்பில் என்ன எழுதினால் எடுபடும்?

பதில்: கொடுக்க வேண்டாம். முதலில் அதை முடிவு செய்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

கேலோ இந்தியாவோ வேறு எந்த மத்திய, மாநில நிதியோ, உங்கள் விண்ணப்பம் பதிவாளர் கையெழுத்தில் அரசு வழியாகத்தான் போகும். நடுவில் ஒரு நிறுவனம் நின்று தள்ளிவிட அதில் இடமே கிடையாது. ‘டெல்லியில் ஆள் இருக்கிறது’ என்பவர் தருவது எழுபது பக்க அறிக்கை. அதில் அறுபது பக்கம் வேறு ஏதோ ஒரு கல்லூரிக்குப் போட்டது. என் மேசைக்கு வந்த ஓர் அறிக்கையில், கடலே எட்டிப் பார்க்காத ஊருக்கு ‘கடலோர உப்புக்காற்றைக் கருத்தில் கொண்டு’ என்று ஒரு அத்தியாயம் இருந்தது. அதற்கும் முன்பணம் கொடுத்திருந்தார்கள்.

சரி, உங்கள் பழைய குறிப்பு. அதை நான் பார்க்கவில்லை, ஆனால் உள்ளே என்ன இருந்திருக்கும் என்று சொல்லிவிட முடியும். தேசியக் கல்விக் கொள்கை 2020 பற்றி ஒரு பத்தி. ஆரோக்கியமான உடலில்தான் ஆரோக்கியமான மனம் என்று ஒரு வரி. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் வாங்கிய பதக்கப் பட்டியல். கடைசியில் ஒரு முப்பரிமாணப் படம்: கண்ணாடி முகப்பு, நீல வானம், முன்னால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பையோடு நடந்து போவார்கள். நிதிக்குழுவில் உட்காரும் அரசுச் செயலரின் பிரதிநிதிக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவர் விளையாட்டுக்கு எதிரி அல்ல. கட்டினால் யார் வருவார்கள், கட்டிய பிறகு யார் செலவு செய்வார்கள் என்ற இரண்டுக்கும் பதில் இல்லாத கோப்பில் அவர் கையெழுத்துப் போட மாட்டார். நான் பொறியாளராகக் கட்டடக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்தவரை, திரும்பிப் போன விளையாட்டுக் கோப்புகள் எல்லாமே இந்த இரண்டு கேள்வியில்தான் விழுந்தன.

அதனால் மூன்று வாரத்தில் முதல் இரண்டு வாரத்தை எழுதுவதில் செலவழிக்காதீர்கள். எண்ணுங்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நான்கு பேரைப் பிடியுங்கள். காலை 6 முதல் 8.30 வரை, மாலை 4 முதல் 6.30 வரை திடலிலும் கொட்டகையிலும் எத்தனை பேர், அதில் மாணவிகள் எத்தனை பேர், வந்து இடமில்லாமல் திரும்பியவர் எத்தனை பேர் என்று கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். திரும்பியவர் கணக்குதான் முக்கியம், அதைத்தான் யாரும் எடுப்பதில்லை. அப்புறம் உங்கள் துறைப் பதிவேட்டிலிருந்து, போன வருடம் மழையால் திடல் சேறாகிப் பயிற்சி நின்ற நாட்களை எழுதுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதே மாதங்களில்தான் அணித்தேர்வும் போட்டிகளும். இந்த ஒரு பக்கம் அந்தப் படத்தைவிட நூறு மடங்கு பேசும்.

எண்ணிய பிறகு ஒரு கசப்பான கணக்கை நீங்களே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நிதிக்குழுவில் ஒருவர் போடுவார். நான்கு பாட்மின்டன் ஆடுகளம், ஒரு களத்தில் மணிக்கு நான்கு பேர், நாளைக்கு ஐந்து மணி நேரம். மொத்தம் 80 பேர். உங்கள் 3,800 பேரில் 80! ஐந்து கோடிக்கு மேல் செலவழித்து 80 பேருக்கா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதனால் பாட்மின்டன் அரங்கம் என்று கேட்காதீர்கள். அதே தரையில் காலை ஒரு மணி நேரம் யோகாவுக்கு 100 பேர், மாலை ஒரு மணி நேரம் மாணவிகளுக்கான குழு உடற்பயிற்சிக்கு 60 பேர், அடுத்து கபடி, வாலிபால் என்று மணிவாரி அட்டவணை போட்டால் நாளைக்கு 300 பேரைத் தொடலாம். அந்த அட்டவணையைக் குறிப்போடு இணையுங்கள். பதக்கப் பட்டியலைக் கடைசிப் பின்னிணைப்பாக்குங்கள். பதக்கம் வாங்கியவர்கள் கட்டடம் இல்லாமலேயே வாங்கிவிட்டார்களே என்று கேட்கும் குசும்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் உண்டு.

மாணவிகள் விஷயத்தைத் தனியாகவே எழுதுங்கள், அதுதான் உங்கள் கையில் உள்ள பலமான வாதம். 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, 2022இல் இந்தியாவில் வயது வந்தோரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். பெண்களில் இது 57 சதவீதம், ஆண்களில் 42. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, அவ்வளவுதான். உங்கள் எண்ணிக்கைத் தாளில் மாலை திடலில் மாணவிகள் எத்தனை பேர் என்ற எண்ணையும் இந்த 57ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காரணத்தையும் ஒளிக்காமல் எழுதுங்கள்: உடை மாற்ற அறை இல்லை, கழிப்பறை 300 மீட்டர் தள்ளி இருக்கிறது, நான்கு மணி வெயில், சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டம், ஆறரைக்கு விடுதிக் கதவு சாத்தல். இதில் பாதியைக் கட்டடம் இல்லாமலேயே சரிசெய்யலாம் என்று பதிவாளர் சொன்னால் ‘ஆமாம், அதையும் செய்யுங்கள்’ என்று சொல்லுங்கள்.

நலவாழ்வு என்ற சொல்லுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் மாணவர்களின் உடற்தகுதி, விளையாட்டு, மன நலம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் சேவை மையம் வேண்டும் என்கிறது அது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்த இரண்டையும் குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இப்போது நீங்கள் கேட்பது ஆசைக்கான கட்டடம் இல்லை, கடமைக்கான கட்டடம்.

ஆனால் பெயரை மட்டும் மாற்றி ஏமாற்றாதீர்கள். கட்டடத்துக்கு ஐந்து கோடி ஒப்புதல் ஆகிவிடும், ஒரு ஆலோசகர் பணியிடம் ஒப்புதல் ஆகாது. இந்த அமைப்பின் கோணல் இது. நிதிக் கணக்கில் செங்கல்லுக்குத் தலைப்பு இருக்கிறது, ஆளுக்குத் தலைப்பு இல்லை. எத்தனையோ ‘நலவாழ்வு மையங்களில்’ ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண் ஒட்டிய காகிதம், அதோடு முடிந்தது. ஆகவே அதே குறிப்பிலேயே ஆலோசகருக்கும் இயன்முறை மருத்துவருக்கும் தொகுப்பூதிய ஒப்புதலையும் கேளுங்கள். தனிக் குறிப்பு என்றால் அது ஒருநாளும் வராது. இன்னொன்று: ஆலோசனை அறையின் கதவு அரங்கத்தின் முகப்பைப் பார்த்து இருக்கக் கூடாது. ‘மனநல ஆலோசனை’ என்று பலகை மாட்டிய கதவை இருபது பேர் பார்க்கும்போது எந்தப் பிள்ளை தட்டும்? இயன்முறை சிகிச்சை அறையும் அதுவும் ஒரே நடைக்குள் திறக்கட்டும். முழங்கால் வலிக்குப் போகிறவரும் மனச்சோர்வுக்குப் போகிறவரும் ஒரே வழியாகப் போகட்டும்.

அளவு பற்றிக் கொஞ்சம், உங்களுக்குத் தேவையான அளவுக்கு மட்டும். கூடைப்பந்து ஆடுகளம் 28க்கு 15 மீட்டர், சுற்றி 2 மீட்டர் விட்டால் 32க்கு 19. உள்ளே 36க்கு 24 மீட்டர் இருந்தால் ஒரு பக்கம் உட்கார இடமும் கிடைக்கும், குறுக்கே நான்கு பாட்மின்டன் களமும் அடங்கும். நீளம் அகலத்தில் யாரும் தவறு செய்வதில்லை. உயரத்தில்தான் கழுத்தை அறுப்பார்கள். வாலிபாலுக்கும் கூடைப்பந்துக்கும் தரையிலிருந்து விட்டத்தின் அடிப்பக்கம் வரை தடையில்லாமல் 7 மீட்டர் வேண்டும். பாட்மின்டனுக்கு 9 மீட்டராவது வேண்டும். விளக்கு, மின்விசிறி, குழாய் எல்லாம் இந்த உயரத்துக்கு மேலே. நான் பார்த்த ஓர் அரங்கத்தில் மதிப்பீட்டைக் குறைக்கிறேன் என்று யாரோ உயரத்தைக் குறைத்துவிட்டார்கள். விட்டம் 5.8 மீட்டரில் நின்றது. திறப்பு விழா அன்றைக்கே இறகுப்பந்து மேலே தட்டித் தட்டி விழுந்தது. இப்போது அங்கே டேபிள் டென்னிஸ் ஆடுகிறார்கள், மிச்ச நேரத்தில் சிறப்புச் சொற்பொழிவு. ‘தடையற்ற உயரம் 9 மீட்டர், குறைக்கக் கூடாது’ என்று குறிப்பிலேயே ஒரு வரி எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டால், பிறகு யாரும் கை வைக்க முடியாது.

குளிர்சாதனம் கேட்காதீர்கள். யாராவது தருவதாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். 200 வாட் எல்.இ.டி. விளக்கு 24 போட்டு, நாளைக்கு ஐந்து மணி நேரம், வருடம் 250 நாள் எரித்தால் 6,000 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால்கூட வருடத்துக்கு 60,000 ரூபாய்தான். இதே அரங்கைக் குளிரூட்ட ஏறத்தாழ 60 டன் பிடிக்கும், மின்கட்டணம் எட்டு லட்சத்தைத் தாண்டும். இரண்டாவது வருடம் நிதி அலுவலர் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுவிடுவார். ஜன்னல் இல்லாமல் கட்டியிருப்பீர்கள் என்பதால் அரங்கம் வெந்நீர் அண்டா ஆகிவிடும். வெப்பம் தடுக்கும் கூரைத் தகடு, உச்சியில் காற்றுப்போக்கி, பக்கவாட்டில் உயரத்தில் திறப்பு, மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி இரண்டு, இது போதும்.

தரை விற்பவர்களிடமும் ஜாக்கிரதை. ‘திட்ட அறிக்கை இலவசம்’ என்று வருவார்கள். இலவசம்தான், ஆனால் விவரக்குறிப்பில் அவர் கம்பெனிப் பொருள் மட்டும் பொருந்தும்படி மில்லிமீட்டர் வரை எழுதி வைத்திருப்பார். 1998ஆம் வருட ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டம் உங்கள் பல்கலைக்கழகத்தைக் கட்டும். உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் வந்து கேட்கும்போது அந்த விற்பனையாளர் போனை எடுக்க மாட்டார், தணிக்கை ஆட்சேபப் பத்தி எழுதப்படுவது உங்கள் பெயரில். மரத் தரை நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் தாங்குமா என்பதை, அதைப் போட்டு ஐந்து வருடம் ஆன அரங்கத்தைப் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். படத்தைப் பார்த்து வேண்டாம்.

அடுத்தது இடம். ‘இடம் எங்களிடம் தாராளமாக இருக்கிறது’ என்றுதான் எல்லாப் பல்கலைக்கழகமும் சொல்லும். பதிவாளர் பெயரில் பட்டா இருந்தால் சரி, இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒரே ஒரு விதிவிலக்கைத் தவிர. அந்த ஒன்றை நான் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் கட்டடங்கள் பாதியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நில அளவைத் துறையின் எஃப்.எம்.பி. வரைபடத்தை, அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லைகளையும் அளந்து வரைந்த புலப்படத்தை, எடுத்துப் பாருங்கள். நீங்கள் கட்ட நினைக்கும் மூலையின் குறுக்கே ஓடை என்றோ வாய்க்கால் என்றோ ஒரு கோடு ஓடுகிறதா? இன்று அங்கே ஓடையும் இல்லை, தண்ணீரும் இல்லை, கருவேல முள்தான் இருக்கிறது, முப்பது வருடமாக யாரும் தண்ணீரைப் பார்த்ததில்லை என்பீர்கள். அது எதுவும் செல்லாது. பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அது நீர்நிலைதான். பட்டா சர்வே எண்ணுக்கு நடுவே இரண்டு மீட்டர் அகலத்தில் வேறு ஒரு உட்பிரிவு எண்ணாக அது ஒளிந்திருக்கும். வளாகம் என்று மொத்தமாகச் சுவர் எடுத்தபோது அது உள்ளே வந்து மாட்டியிருக்கும். திட்ட அனுமதிக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கும்போது வெளியே வரும். இல்லாவிட்டால் அஸ்திவாரம் தோண்டிய பிறகு யாராவது உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போடும்போது வரும். வகை மாற்றம் செய்துகொள்ளலாம் என்று ஒருவர் தாசில்தார் அலுவலகத்துக்கு வெளியே நின்று சொல்வார், அவரிடமும் பணம் கொடுக்காதீர்கள். கட்டடத்தை நாற்பது மீட்டர் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான். விளையாட்டுத் திடல் என்று ஒதுக்கும் இடம் எப்போதும் வளாகத்தின் பள்ளமான மூலைதான், ஏரி பெருகினால் தண்ணீர் நிற்கும் இடம்தான். அதனால்தான் உங்கள் துறைக்கு இந்த ஆபத்து மற்றத் துறைகளைவிட அதிகம். நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய அ-பதிவேட்டின் நகலையும் எஃப்.எம்.பி.யையும் குறிப்போடு இணைத்துவிடுங்கள்.

இடத்தை ஒட்டி இன்னொரு வார்த்தை. இருக்கும் திடலைத் தின்று கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். 400 மீட்டர் ஓடுதளத்துக்கு 177க்கு 93 மீட்டர் வேண்டும். ஒரு பக்கம் பத்து மீட்டர் போனாலும் ஓடுதளம் போச்சு, திரும்ப வராது.

மதிப்பீட்டில் எல்லாரும் விடும் ஓட்டை, வரிக்கணக்கு. பல்கலைக்கழகப் பொறியாளர் 5 கோடி என்று தருவார். ஒப்பந்த வேலைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதுவே 90 லட்சம். கட்டுமானத் தொழிலாளர் நலநிதி ஒரு சதவீதம், 5 லட்சம். மின் இணைப்பு, தீயணைப்பு, சாய்வுதளம், மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை இவையெல்லாம் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் 5 கோடிக்கு ஒப்புதல் வாங்கிவிட்டு, முக்கால்வாசியில் ‘திருத்திய மதிப்பீடு’ என்று போய் நிற்பீர்கள். திருத்திய மதிப்பீடு என்ற சொல்லைக் கேட்டாலே நிதிக்குழுவுக்குக் கோபம் வரும், அது நியாயமும்கூட. ஒப்புதல் ஏறும் படிகள் எத்தனை என்று எண்ணினால் எனக்கும் கோபம் வரும்: கட்டடக் குழு, நிதிக்குழு, ஆட்சிக்குழு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், அதற்குள் விலைவிகிதமே மாறிவிடும். ஒரு துணைவேந்தர் பதவிக்காலம் மூன்று வருடம். அதில் ஒரு வருடம் கோப்பு படி ஏறவே போகிறது. பல வருடம் துணைவேந்தரே இல்லாமலும் போகிறது.

பணம் எங்கிருந்து? மத்திய, மாநிலத் திட்ட நிதிகளை உங்கள் திட்ட அலுவலர் பார்த்துக்கொள்வார், அதில் நீங்கள் செய்ய ஒன்றும் பெரிதாக இல்லை. உங்கள் வாசலுக்கு நேராக வருவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, சி.எஸ்.ஆர். அதில்தான் களவாணிகள் அதிகம் என்பதால் அதைச் சொல்கிறேன். 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, ஓர் அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். ஏழாவது அட்டவணையில் கல்வியும் உண்டு, நோய்த் தடுப்போடு சேர்ந்த சுகாதாரமும் உண்டு, விளையாட்டுப் பயிற்சியும் உண்டு. ‘பயிற்சி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வெறும் அரங்கம் என்று கேட்பதைவிட, இத்தனை பேருக்கு இத்தனை மாதப் பயிற்சி, அதற்கான அரங்கம் என்று கேட்பது நல்லது.

இனி களவாணி. அவர் நல்ல சட்டை போட்டு வருவார். ‘ஒரு கோடி சி.எஸ்.ஆர். வருகிறது சார், உங்கள் கணக்கில் போடுகிறோம், அறுபது லட்சத்தைப் பணமாகத் திருப்பிவிடுங்கள், நாற்பது உங்களுக்கு’ என்பார். பணம் சும்மா வருகிறது போலத் தோன்றும். ஒரு கோடிக்கும் கணக்குக் காட்டி, கணக்குத் தணிக்கையாளர் சான்றோடு, கையெழுத்துப் போடப் போவது நீங்கள். சட்டப்படி அது வெறும் தவறு அல்ல, மோசடி. இதன் குட்டி வடிவம் ஒன்று உண்டு: ‘கம்பெனி போர்டில் பேச ஐந்து சதவீதம் முன்கூட்டி’. உண்மையான கம்பெனி ஒருநாளும் உங்களிடம் பணம் கேட்காது, உங்கள் பதிவு எண்ணையும் பழைய கணக்கையும்தான் கேட்கும். முன்பணம் என்று சொன்ன நிமிடமே டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. இது இல்லாமல்தான் உங்கள் முதல் குறிப்பு செத்தது என்று எனக்குச் சந்தேகம். கட்டட மதிப்பில் வருடத்துக்கு 2 சதவீதம் என்று நான் வைப்பது வழக்கம். 5 கோடிக்கு 10 லட்சம். மாணவர்களிடம் ஏற்கெனவே வாங்கும் விளையாட்டுக் கட்டணத்தில் எவ்வளவு செலவாகாமல் கிடக்கிறது என்று நிதிப் பிரிவில் கேட்டு எழுதுங்கள். மீதிக்குக் காலை நேரத்தில் ஊழியர் குடும்பங்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் மாதக் கட்டணத்தில் திறந்துவிடலாம். மாலை நேரத்தை மட்டும் யாருக்கும் விற்காதீர்கள்.

குறிப்பின் கடைசிப் பக்கத்தில் அரங்கம் எத்தனை மணிக்குத் திறக்கும், சாவி யார் பொறுப்பில் இருக்கும் என்றும் எழுதுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் காவலர் ஐந்தரைக்குப் போய்விடுவார் என்பதற்காக மாலையில் பூட்டிக் கிடக்கும் அரங்கங்கள் எனக்குத் தெரியும். விடைத்தாள் திருத்தும் மையமாக மாறி நவம்பர், ஏப்ரல் மாதங்களில் மேசை நாற்காலி நிறைந்து கிடப்பவையும் தெரியும். தேர்தல் வந்தால் வாக்குப்பெட்டி அறைக்கு மாவட்ட ஆட்சியர் கேட்பார், அதை உங்களால் தடுக்க முடியாது. தேர்வுப் பிரிவைத் தடுக்கலாம்: ‘தேர்வுப் பணிகளுக்கு இவ்வரங்கம் ஒதுக்கப்படாது’ என்ற வரியை ஆட்சிக்குழுத் தீர்மானத்திலேயே சேர்க்கச் சொல்லிப் பதிவாளரிடம் இப்போதே கேளுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் உங்களுக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருப்பார்.